கடலையோடு துவரை

1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை இராஜ்யத்தைச் சேர்ந்தது. சத்தியவேடு ஆந்திரத்தைச் சேர்ந்தது. இன்று ஸ்ரீ சிட்டி தொழில் நகரம் விளங்குவது அச்சத்தியவேட்டுப் பகுதியிலேயே. அதற்கு மேற்கே, சித்தூர்ச் சீமையின் மானாவாரிச் செம்மண்ணில், எல்லைக்கு இருபுறமும் பொதுவான வேளாண் வழக்கம் ஒன்றைக் காண்கிறோம்: நிலக்கடலைக்கு ஊடே துவரை விதைத்தல்.

துவரை இந்நாட்டின் தொன்மையான பயிர். கடலையோ தென் அமெரிக்காவில் தோன்றியது. 'மணிலாக் கொட்டை' என்று நாம் வழங்கும் பெயர் அது கடல் கடந்து வந்ததை நினைவூட்டுகிறது. 19-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியிலிருந்து பிரான்சின் மார்சேய் நகர எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியபின் அது பணப்பயிராயிற்று. பணப்பயிரோடு கடனும் உடன் வந்தது. மழை பொய்த்தால் முதல் போகும், வட்டி நிற்கும்.

இவ்விடரைத் தணிப்பதே ஊடுபயிர். 7 வரிசை கடலைக்கு 1 வரிசை துவரை என்பது பரிந்துரைக்கப்படும் ஓர் அளவு. துவரை முதலில் மெல்ல வளர்வதால் கடலைக்கு இடையூறில்லை. ஏறத்தாழ 4 மாதத்தில் கடலையைப் பிடுங்கியபின், ஆழவேர் கொண்ட துவரை ஐப்பசி, கார்த்திகை மழையைக் கொண்டு விளையும். கடலை விழுதிறங்கும் வேளையில் வானம் வறண்டாலும், பருப்பேனும் வீடு வந்து சேரும். வெளிமாநிலங்களில் துவரம்பருப்பை விலைக்கு வாங்கும் நாம், சிறு உழவனின் இந்த ஏற்பாட்டை அறிந்திருத்தல் நன்று.