நெக்ஸ்ட் பட்டனை அமுக்கித் தாண்ட முடியாத பாடம்

ஆபீஸ்ல வருஷா வருஷம் கட்டாயப் பயிற்சின்னு ஒண்ணு வரும். தகவல் பாதுகாப்பு, தீ விபத்து, நன்னடத்தை இப்படி. நாம என்ன பண்ணுவோம்? ஒரு ஜன்னல்ல வேலை ஓடிட்டு இருக்கும், இன்னொரு ஜன்னல்ல நெக்ஸ்ட், நெக்ஸ்ட், நெக்ஸ்ட். கடைசியில பத்து கேள்வி. சர்டிபிகேட் வந்ததும் டீ குடிக்கப் போயிடுவோம். என்ன படிச்சேன்னு சாயங்காலம் யாராவது கேட்டா சத்தியமா தெரியாது :-)

அதனால, இங்கிலாந்தில் மருத்துவத்துறை ஊழியர்களுக்கு ஒரு பையனோட பேரில் கட்டாயப் பயிற்சி இருக்குன்னு படிச்சப்போ, இதுவும் நெக்ஸ்ட் கேஸ்தான்னு நினைச்சேன். உள்ளே போய்ப் படிச்சா, அதுக்குப் பின்னாடி 170 வருஷக் கதை. அதைத்தான் இந்தப் பதிவில் சொல்லப் போறேன்.

பையன் பேரு ஆலிவர் மெக்கோவன். ஆட்டிசம், வலிப்பு, லேசான பெருமூளை வாதம், லேசான அறிவுசார் குறைபாடு, எல்லாம் இருந்தது. ஆனாலும் ஃபுட்பால், ஓட்டப்பந்தயம்னு துறுதுறுன்னு இருந்த பையன். 2016-ல் வலிப்புக்காக பிரிஸ்டல் நகரத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தாங்க. மனநோய்க்குத் தர்ற மருந்து வகை அவனுக்கு ஏற்கெனவே ஒத்துக்காம போயிருந்தது. அது வேண்டாம்னு அவனும் சொன்னான், அப்பா அம்மாவும் சொன்னாங்க. ஆனாலும் ஓலன்சபின் கொடுத்தாங்க. அந்த மருந்து வகையால் வரக்கூடிய அபூர்வமான, ஆபத்தான எதிர்விளைவு வந்து மூளை வீங்கிப் போச்சு. 2016 நவம்பர் 11-ம் தேதி ஆலிவர் இறந்துட்டான். வயசு 18.

2018-ல் மரண விசாரணை அதிகாரி சிகிச்சை சரிதான்னு முடிச்சார். 2020-ல் வந்த தனி மறுஆய்வு, தவிர்த்திருக்கக் கூடிய மரணம்னு சொல்லுச்சு.

படிச்ச டாக்டர்கள், நல்ல மருத்துவமனை, வசதியான நாடு. அப்புறம் எப்படி? இங்கதான் பழைய கதைக்குப் போகணும்.

1847-ல் லண்டன்ல ஒரு தர்ம ஸ்தாபனம் ஆரம்பிக்கிறாங்க. மனவளர்ச்சி குன்றியவங்களை ஏழை விடுதியிலயும் சிறையிலயும் போட்டு வைக்காம, தனி இல்லம் கட்டிப் பார்த்துக்கணும்னு. 1855-ல் சர்ரே பகுதியில் ஏர்ல்ஸ்வுட் இல்லம் திறந்தது. 1858-ல் அதுக்குப் பொறுப்பா வந்தவர்தான் ஜான் லாங்டன் டவுன். அப்போ அவருக்கு முப்பது வயசுகூட இல்லை. 1866-ல் அவர் எழுதின கட்டுரையாலதான் 'டவுன் சிண்ட்ரோம்'ங்கற பேரே பின்னாடி வந்தது.

நோக்கம் நல்லதுதான். ஆனா கூடவே ஒரு சுவரும் எழும்பிடுச்சு. அடுத்த நூறு வருஷத்தில் இந்த மாதிரி இல்லங்கள் ஊருக்கு வெளியே பெருகி, ஒவ்வொண்ணும் ஒரு தனி உலகமா ஆகிப் போச்சு. உள்ளே இருக்கிறவங்களைப் பார்த்துக்கறதுக்குன்னே 1919-ல் நர்ஸ்களுக்குத் தனிச் சான்றிதழ் வந்தது. ஆக, இவங்களைப் பத்திப் படிச்சவங்க சுவருக்கு உள்ளே. மத்த டாக்டரும் நர்ஸும் வெளியே. அவங்க தன் ஆயுசுல இப்படி ஒரு நோயாளியைப் பார்த்துப் பேச வேண்டிய அவசியமே வரலை.

உள்ளே நிலைமை என்னன்னு 1967-ல் வெளியே வந்தது. கார்டிஃப் நகரத்தில் ஈலி மருத்துவமனையில் அடி உதை, திருட்டுன்னு ஒரு ஊழியர் பத்திரிகைக்குச் சொல்லிட்டார். ஜெஃப்ரி ஹவ்ங்கற வழக்கறிஞர் (பின்னாளில் தாட்சர் அரசில் நிதியமைச்சர், அவரேதான்) விசாரிச்சு 1969-ல் அறிக்கை கொடுத்தார். முரட்டுத்தனமான, பழைய காலத்து நர்சிங்னு எழுதினார். 1971-ல் அரசு, இந்த மருத்துவமனை இடங்களை இருபது வருஷத்தில் ஏறக்குறைய பாதியாக் குறைப்போம்னு திட்டம் போட்டது. எண்பதுகள், தொண்ணூறுகள்ல இல்லங்கள் ஒவ்வொண்ணா மூடினாங்க. ஜனங்க வீட்டுக்கும் ஊருக்கும் வந்தாங்க.

நல்ல விஷயம்தானே? ஆமா. ஆனா காய்ச்சல், வயித்து வலின்னா இனிமே எங்க போவாங்க? தெருமுனை டாக்டர்கிட்டயும் பெரிய ஆஸ்பத்திரிக்கும்தான். சுவரை இடிச்சாச்சு. சுவருக்கு வெளியே இருந்த டாக்டருக்குப் பாடம் சொல்லித் தர மட்டும் மறந்தாச்சு.

நம்ம பாஷையில சொன்னா, எல்லா யூசரையும் புது சர்வருக்கு மாத்திட்டாங்க, அங்க அவங்களுக்கான டிரைவர் எதுவும் இன்ஸ்டால் பண்ணலை.

விளைவு என்ன? ஒருத்தர் தலையில அடிச்சுக்கிறார்னு வைங்க. பல் வலியா இருக்கலாம், காது வலியா இருக்கலாம். அவரால வாய் திறந்து சொல்ல முடியாது. பழக்கமில்லாத டாக்டர், இவங்க இப்படித்தான்னு தூக்க மாத்திரை எழுதிடுவார். நோயைக் குறைபாடு மறைச்சிடுது. 2007-ல் மென்காப் அமைப்பு ஆறு மரணங்களைப் பத்தி ஒரு அறிக்கை வெளியிட்டது. அதுல ஒருத்தர் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர், வயசு 43. ஆஸ்பத்திரியில் இருந்தும் 26 நாள் சாப்பாடு இல்லாம இருந்திருக்கார். யாரும் அடிக்கலை, திட்டலை. இது இன்னொருத்தர் பார்த்துப்பார்னு எல்லாரும் நினைச்சிருக்காங்க, அவ்வளவுதான்.

அதுக்கு அடுத்த வருஷம், 2008-ல், ஜொனாதன் மைக்கேல் குழு அரசுக்குப் பரிந்துரை கொடுத்தது. முதல் பரிந்துரையே இதுதான்: மருத்துவப் படிப்பு எல்லாத்திலயும் இந்தப் பாடம் கட்டாயமா இருக்கணும், குறைபாடு உள்ளவங்களும் அவங்களைப் பார்த்துக்கறவங்களும் அந்தப் பாடத்தை நடத்தறதில் பங்கெடுக்கணும்.

இது ஆகாத காரியமும் இல்லை. லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரியில் ஷீலா ஹாலின்ஸ்ங்கற மனநலப் பேராசிரியை 1990-களிலேயே செஞ்சு காட்டியிருந்தார். அறிவுசார் குறைபாடு உள்ள நாடக நடிகர்களைக் கூப்பிட்டு மருத்துவ மாணவர்களுக்குப் பயிற்சி நடத்த வெச்சார். அவரோட மகனுக்கும் இந்தக் குறைபாடு உண்டு.

வழி தெரியும், பரிந்துரையும் இருக்கு. ஆனா கட்டாயமாகலை. 2013-ல் இன்னொரு ஆய்வு வந்தது. தென்மேற்கு இங்கிலாந்தில் 247 மரணங்களை அலசினாங்க. அறிவுசார் குறைபாடு உள்ள ஆண்கள் மத்தவங்களை விட சராசரியா 13 வருஷம் முன்னாடி, பெண்கள் 20 வருஷம் முன்னாடி செத்துப் போறாங்க. அப்பவும் கட்டாயமாகலை. மூணு வருஷம் கழிச்சு அதே வட்டாரத்தில் ஆலிவர்.

ஆலிவரோட அம்மா பவுலா விடலை. பாராளுமன்றத்துக்கு ஒரு மனு போட்டார். 50,000 பேருக்கு மேல கையெழுத்து. 2018 அக்டோபர்ல அது விவாதத்துக்கு வந்தது. 2022-ல் சட்டமாச்சு. மருத்துவ, பராமரிப்பு நிறுவனங்கள் எல்லா ஊழியருக்கும் அவங்கவங்க வேலைக்கு ஏத்த மாதிரி இந்தப் பயிற்சி கொடுத்தே ஆகணும். ரிசப்ஷனில் உட்கார்ற பொண்ணுக்கும்தான். அதுக்கு அரசு பரிந்துரைக்கிற பயிற்சிக்குத்தான் ஆலிவர் பேரு. 2008 பரிந்துரையிலிருந்து சட்டத்துக்கு 14 வருஷம்.

இப்ப என் நெக்ஸ்ட் பட்டன் சந்தேகத்துக்கு வர்றேன். இந்தப் பயிற்சியில் முதல் பகுதி கம்ப்யூட்டர்லதான். அதை நெக்ஸ்ட் போட்டுத் தாண்டலாம், யாரும் தடுக்க முடியாது. ஆனா அதோட முடியறதில்லை. நோயாளிகளை நேரடியாப் பார்த்துக்கற ஊழியருக்கு ஒரு முழு நாள் நேர்முக வகுப்பு உண்டு. மத்தவங்களுக்கு ஒரு மணி நேர நேரலை வகுப்பு. அதை நடத்தறவங்கள்ல அறிவுசார் குறைபாடு உள்ள ஒருத்தரும் ஆட்டிசம் உள்ள ஒருத்தரும் இருப்பாங்க. இதுக்குச் சம்பளமும் உண்டு.

170 வருஷமா இவங்களைப் பத்தித்தான் பாடம் எடுத்தாங்க. இப்பத்தான் இவங்க பாடம் எடுக்கறாங்க. எனக்கு இந்த ஒரு மாற்றம்தான் பெருசாத் தெரியுது. டாக்டர் ஒருத்தர் ஸ்லைடைத் தாண்டலாம். எதிரே நின்னு "என்கிட்ட பேசுங்க, எங்கம்மாகிட்ட மட்டும் பேசாதீங்க"ன்னு மெதுவா, திக்கித் திக்கிச் சொல்ற ஆளைத் தாண்ட முடியாது. சொல்லி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தே ஆகணும். அப்படிக் காத்திருக்கக் கத்துக்கறதே பாதிப் பயிற்சின்னு தோணுது.

ஆலிவர் வாயைத் திறந்து, தெளிவா, வேண்டாம்னு சொன்னான். கேட்கத்தான் ஆள் இல்லை.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லைங்க. பொட்டி தட்டுறவன். மருத்துவத் தகவல்ல பிழை இருந்தா பின்னூட்டத்தில் குட்டுங்க, திருத்திடறேன். வீட்டில் இப்படி ஒருத்தரை வெச்சிருக்கிற நண்பர்கள், ஆஸ்பத்திரி வாசல்ல நீங்க பட்டதை எழுதினா இந்தப் பதிவை விட அதுதான் உபயோகமா இருக்கும்.