பக்கவாதம்

மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் அடைபட்டோ வெடித்தோ திடீரென உண்டாகும் நோய். பாரிசவாயு, மூளைத்தாக்கு என்றும் வழங்கும். பெரும்பாலானவை அடைப்பால் வருபவை. கசிவால் வருபவை குறைவு, உயிரிழப்போ அவற்றில் அதிகம். சித்த மருத்துவம் இதை வாத நோய்களுள் வைத்தது. கை கால் விழுவதைச் சொல்லும் பக்கவாதம் என்ற பெயரில் மூளை இல்லை. கிரேக்க மருத்துவர் காலனும் அவர் வழிவந்தோரும், மூளையின் அறைகளில் குளிர்ந்து கெட்டித்த நீர்மம் அடைத்துக்கொள்வதே காரணம் என்றனர்.

1658இல் சுவிட்சர்லாந்தின் வெப்ஃபர், இந்நோயால் இறந்தோரின் மண்டையைத் திறந்து, மூளைக்குள் இரத்தம் கசிந்திருப்பதைக் காட்டினார். நோயுற்ற பக்கத்துக்கு எதிர்ப்பக்க மூளையே பழுதாகிறது என்பதை இத்தாலியரான மார்கானியின் 1761ஆம் ஆண்டு நூல் பல பிணப் பரிசோதனைகளால் உறுதிசெய்தது. இரத்தக்கட்டி வேறிடத்திலிருந்து வந்தும் அடைக்கலாம் என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மருத்துவர் விர்ச்சோ விளக்கினார்.

மூளையின் எப்பகுதி கெட்டால் எது போகும் என்ற கேள்விக்கு 1861 திருப்புமுனை. பாரிஸை அடுத்த பிசேத்ர் மருத்துவமனையில் லெபோர்ஞ் என்பவர் 21 ஆண்டுகளாக இருந்தார். எதைக் கேட்டாலும் 'தான், தான்' என்பார். அதுவே அவர் பெயராகவும் ஆயிற்று. பின்னாளில் வலது கையும் காலும் விழுந்தன. கால் அழுகிய நிலையில், ஏப்ரலில், அறுவை மருத்துவர் பால் புரோக்காவிடம் வந்தார். எத்தனை ஆண்டு இங்கே இருக்கிறாய் என்று கேட்டபோது, ஒரு கையை நான்கு முறை விரித்து, பின் ஒரு விரலைக் காட்டினார்: 21. மறுநாளும் அதே விடை. மூன்றாம் முறை கேட்டதும், தன்னைச் சோதிக்கிறார்கள் என்று புரிந்து சினந்தார். சொல்தான் போயிற்று; கணக்கும் மானமும் போகவில்லை. ஏப்ரல் 17இல் இறந்தார். இடது முன்மடலில் கோழிமுட்டை கொள்ளுமளவு குழி இருந்தது.

அதே ஆண்டில் புரோக்காவிடம் வந்த இன்னொருவர், 84 வயது லெலோங். ஒன்றரை ஆண்டுக்கு முன் பக்கவாதம் தாக்கியவர். எஞ்சியவை ஐந்தே சொற்கள். எந்த எண்ணுக்கும் 'மூன்று' என்றே வாய் சொல்லும், அதுவும் குழறலாக, விரல்கள் திருத்தும். கடிகாரத்தைக் காட்டி மணி கேட்டபோது 'மூன்று' என்று சொல்லிப் பத்து விரல்களையும் உயர்த்தினார். மணி பத்து. இறந்தபின் பார்த்தபோது, பழுது ஏறத்தாழ அதே இடத்தில்.

லெபோர்ஞுக்கு வந்தது பக்கவாதம்தானா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பழுது பல ஆண்டுகளில் மெல்லப் பரவியது என்றே புரோக்கா கருதினார். பேச்சு இடப்பக்க மூளைக்கு உரியது என முதலில் கண்டவர் யார் என்பதும் வழக்காடப்பட்டது: மருத்துவர் மார்க் டாக்ஸ் 1836இலேயே எழுதிவிட்டார் என்று அவர் மகன் உரிமை கோரினார். 'தான்' என்ற ஒலி, லெபோர்ஞின் பிறந்த ஊரில் தோல் பதனிட மரப்பட்டை அரைத்த ஆலைகளின் பெயரிலிருந்து வந்திருக்கலாம் என்பது 2013இல் சொல்லப்பட்ட ஊகம். புரோக்கா அறுக்காமல் காத்த அம்மூளையை 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காகப் படமெடுத்தபோது, பழுது அவர் கண்டதைவிட ஆழமாகச் சென்றிருந்தது.

1874இல் மருத்துவர் வெர்னிக்கே வேறொரு வகைப் பேச்சுக்கோளாறை விவரித்தார்: பேச்சு தடையின்றி ஓடும், பொருள் இராது, பிறர் சொல்வதும் விளங்காது. வலப்பக்க மூளை தாக்குண்டோர் சிலர் தட்டின் இடப்பாதிச் சோற்றைப் பார்ப்பதே இல்லை. கண் பழுதில்லை, கவனம் அங்கே செல்வதில்லை. சிறுமூளை தாக்குண்டால் நடை தள்ளாடும். நுண்தமனிகள் அடைபட்டு உண்டாகும் சிறுகுழிகளை 1960களில் மில்லர் ஃபிஷர் ஆராய்ந்தார். சில நிமிடங்களில் தானே நீங்கும் தற்காலிகத் தாக்கு, பெரிய தாக்குக்கு முன்னறிகுறியாகலாம்.

அடைப்பா, கசிவா என்பதை உயிருள்ளவரிடம் தெளிவாகப் பிரித்தறிய, 1971இல் தொடங்கிய சி.டி. ஸ்கேன் வழிசெய்தது. கட்டியைக் கரைக்கும் ஊசி மூன்று மணி நேரத்துக்குள் போட்டால் பயன் தரும் என 1995இல் நிறுவப்பட்டது. பின்னர் அவ்வரம்பு நாலரை மணியாயிற்று. கசிவுக்கு இவ்வூசி ஆகாது. பெருங்குழாய் அடைப்பில் கட்டியைக் கம்பிவலையால் இழுத்தெடுக்கும் முறை 2015 முதல் பரவியது.