பிளாக்கா, ஆட்டோபெப்8-ஆ? ஆலை நிரலுக்கு எது பொருந்தும்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இருப்பது போன்ற இரும்பு ஆலைகளில், மின் மீட்டர் காட்டும் அளவுகளை மோட்பஸ் என்ற தொடர்பு நெறி வழியாக வாங்கிப் பதிவு செய்ய பைத்தானில் ஒரு சின்ன நிரல் போதும். எழுதுபவர் ஒருவர், சில மாதம் கழித்துத் திருத்துபவர் வேறொருவர். ஒருவர் ஒற்றை மேற்கோள் போடுவார், அடுத்தவர் இரட்டை. ஒருவர் வரியை நீட்டுவார், மற்றவர் மடிப்பார். இப்படிக் கைமாறும் நிரலைத்தான் முதலில், எழுத்து வடிவத்தைச் சீராக்கும் ஃபார்மேட்டரிடம் ஒப்படைக்க வேண்டும். ஆனால் எந்த ஃபார்மேட்டர்?

2001-ல் வந்த பெப் 8 என்ற எழுத்து நெறி எங்கே மீறப்பட்டதோ, அங்கே மட்டும் ஆட்டோபெப்8 கை வைக்கும். மற்றதை எழுதியவர் போக்கிலேயே விட்டுவிடும். லூக்காஷ் லாங்கா 2018-ல் வெளியிட்ட பிளாக் அப்படியில்லை; கோப்பு முழுவதையும் தன் பாணிக்கு மாற்றிவிடும். மேற்கோள்கள் பெரும்பாலும் இரட்டையாகும், வரியை 88 எழுத்துக்குள் அடக்கப் பார்க்கும். ஆட்டோபெப்8-ல் அந்த எல்லை 79.

வித்தியாசம் நன்றாகத் தெரிவது ரிஜிஸ்டர் பட்டியலில். மீட்டரின் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு முகவரி, ஒரு பெயர், ஒரு பெருக்கு எண் என்று நேர் நேராக அடுக்கி எழுதியிருப்பார்கள். அந்த நேர்வரிசை அழகுக்காக மட்டும் அல்ல. மீட்டர் கையேட்டைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்க அதுதான் உதவுகிறது. காற்புள்ளிக்குப் பின் விட்ட கூடுதல் இடைவெளியை ஆட்டோபெப்8 இயல்பாகத் தொடாது. பிளாக் ஒரே இடைவெளியாகச் சுருக்கிவிடும், வரிசை குலைந்துபோகும். பட்டியலுக்கு முன் ‘எஃப்எம்டி: ஆஃப்’, பின் ‘எஃப்எம்டி: ஆன்’ என்று குறிப்பு வரி போட்டால் பிளாக் அந்தப் பகுதியை விட்டுவிடும்.

பாதுகாப்பில் என் ஓட்டு பிளாக்குக்கே. மாற்றிய பிறகு, பழைய நிரலும் புதிய நிரலும் அமைப்பில் ஒன்றுதானா என்று அது ஒப்பிட்டுப் பார்க்கும். வேறுபட்டால் கோப்பை எழுதாது. ஆட்டோபெப்8-ம் சாதாரணமாக இடைவெளியோடு நிற்கும். ‘அக்ரசிவ்’ விருப்பத்தைக் கொடுத்தால் மட்டும் ‘நன்’னோடு ஒப்பிடும் வரிகளைக்கூட மாற்றத் தொடங்கும். ஓடிக்கொண்டிருக்கும் ஆலை நிரலில் அந்த விருப்பம் வேண்டவே வேண்டாம்.

ஆகவே, இருவர் கைபட்டாலே பிளாக். அதில் விருப்பங்கள் மிகக் குறைவு என்பதால் பாணியைப் பற்றிய வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடுகிறது. கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டில் சேர்க்காத, ஒரே ஆள் பார்த்துக்கொள்ளும் பழைய நிரலுக்கு ஆட்டோபெப்8 போதும்.

விஎஸ் கோட் எடிட்டரில் பிளாக் ஃபார்மேட்டர் நீட்டிப்பை நிறுவி, பைத்தானுக்கு அதையே இயல்பு ஃபார்மேட்டராக வைத்து, ‘ஃபார்மேட் ஆன் சேவ்’ என்பதை டிக் செய்யுங்கள். இந்த அமைப்பைத் திட்டத்தின் ‘.விஎஸ்கோட்’ ஃபோல்டரிலேயே வைத்தால் அடுத்து வருபவருக்கும் அதுவே கிடைக்கும். பழைய நிரலுக்கான முதல் ஃபார்மேட்டைத் தனி கமிட்டாகப் போட வேண்டும். கிட் 2.23 முதல் அந்த ஒரு கமிட்டை மட்டும் ‘பிளேம்’ கணக்கிலிருந்து ஒதுக்க வழி இருக்கிறது. எந்த வரியை யார் எழுதினார் என்ற தடம் அழியாது.

ஆனால் நிரலின் தர்க்கப் பிழையை ஃபார்மேட்டர் கண்டுபிடிக்காது. உதாரணமாக, அலாரத்தை அணைக்கும் வரி தவறிப்போய் ‘இஃப்’புக்கு வெளியே ஒரு படி தள்ளி உட்கார்ந்திருந்தால், பிளாக், ஆட்டோபெப்8 இரண்டுமே அதைச் சரியென்றே விட்டுவிடும். பைத்தானில் அந்தத் தள்ளலே பொருள். அதனால் ஃபார்மேட்டை அலுவலகக் கணினியில் முடித்து, நிரலை ஓட்டிப் பார்த்த பிறகே ஆலைக் கணினிக்கு அனுப்புங்கள்.