இரைப்பொலி: நோய்ப்பெயரிலிருந்து அறிகுறிக்கு

ஆய்வுச் சுருக்கம்
மூச்சுவிடும்போது எழும் இரைப்பொலியை மேலை மருத்துவம் முந்நூறு ஆண்டுகளில் எவ்வாறு விளங்கிக்கொண்டது என்பதை இக்கட்டுரை வரலாற்று முறையில் ஆராய்கின்றது. அறிகுறியையும் நோயையும் வேறுபடுத்திக் காண்பதற்குக் கருவி மட்டுமன்றிச் சொல்வரையறையும் தேவைப்பட்டது என்பது இதன் கருதுகோளாகும்.

முன்னுரை
‘இரைதல்’ என்னும் வினை ஒலித்தலைக் குறிக்கும். இரைச்சல், இரைப்பு ஆகியன அதன்வழிப் பிறந்தவை. தமிழில் இரைப்பு என்பது மூச்சில் எழும் ஒலியையும் அவ்வொலியோடு வரும் நோயையும் ஒருங்கே சுட்டுகின்றது. ‘ஆஸ்துமா’ என்னும் கிரேக்கச் சொல்லும் முதலில் மூச்சுவாங்குதலையே குறித்து, பின்னரே நோய்ப்பெயராக நிலைபெற்றது.

நோயாளியின் கேள்வியும் மருத்துவரின் கேள்வியும்
ஆங்கில மருத்துவர் ஜான் ஃபிளாயர் 1698-இல் ஆஸ்துமா குறித்துத் தனிநூல் எழுதினார். அவரே அந்நோயால் நெடுங்காலம் துன்புற்றவர். அக்காலத்தில் இரைப்பு என்பது நோயாளி உணர்வதும் அருகிலிருப்போர் காதால் கேட்பதுமேயாகும்; ஒலி மார்பின் எப்பகுதியில் எழுகின்றது என்பதை அறிய வழியில்லை.

1816-இல் பாரிசின் நெக்கர் மருத்துவமனையில் ரெனே லேனெக் தாள்சுருளை மார்பில் வைத்துக் கேட்டார். அதிலிருந்து மரத்தாலான இதயத்துடிப்புமானி உருவாயிற்று. 1819-இல் வெளிவந்த தமது நூலில் அவர் நுரையீரலின் மிகையொலிகளை வகைப்படுத்தி, சீழ்க்கை போன்ற ஒலியையும் குறட்டை போன்ற ஒலியையும் தனித்தனியே குறித்தார்.

சொற்குழப்பம்
இவ்வொலிகள் அனைத்திற்கும் லேனெக் ‘ரால்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லை ஆண்டார். பொதுமக்கள் வழக்கில் அது சாவுக்கால மூச்சொலியையும் குறித்ததால், நோயாளிகள் அஞ்சாதிருக்க அவர்முன் ‘ரோங்கஸ்’ என்னும் இலத்தீன் சொல்லைப் பயன்படுத்தினார். ஒரே பொருள் கொண்ட இவ்விரு சொற்களையும் பின்வந்த ஆங்கில மருத்துவர்கள் இருவேறு ஒலிகளின் பெயர்களாக்கினர். நோயாளியிடம் காட்டிய பரிவு, மருத்துவ நூல்களில் நூறாண்டுக்கும் மேற்பட்ட குழப்பமாயிற்று. 1957-இல் ராபர்ட்சன், கூப் ஆகியோர் ‘லான்செட்’ இதழில் இதனைச் சுட்டிக்காட்டினர். 1985-இல் டோக்கியோவில் கூடிய பன்னாட்டுக் கருத்தரங்கின் வழியே பொதுவான கலைச்சொற்கள் வகுக்கப்பெற்று, 1987-இல் வெளியாயின.

ஒலி பிறக்கும் முறை
ஹென்றி ஹைட் சால்ட்டர் 1860-இல் வெளியிட்ட நூலில், மூச்சுக்குழாய்த் தசைகளின் இறுக்கமே ஆஸ்துமாவின் அடிப்படை என வலியுறுத்தினார். எனினும் குழாய் குறுகினால் ஏன் இசைபோன்ற ஒலி எழவேண்டும் என்னும் வினா எஞ்சியது. குழலிசைக் கருவிபோல் குழாயின் நீளமே சுருதியை முடிவுசெய்கின்றது எனில், தாழ்ந்த சுருதிக்குப் பல அடி நீளக் குழாய் வேண்டும். நுரையீரலில் அதற்கு இடமில்லை. பால் ஃபோர்காக்ஸ் 1960, 70-களில் எழுதிய கட்டுரைகளில் இதனைத் தெளிவுபடுத்தினார். ஏறத்தாழ மூடிய நிலையிலுள்ள குழாய்ச் சுவர்கள் காற்றோட்டத்தால் அதிர்வதே இரைப்பொலி. நாகசுரச் சீவாளியின் இரு இதழ்கள் ஊதும்போது அதிர்வதை இதற்கு ஒப்புக் கூறலாம்.

இவ்விளக்கத்திலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, குழாய் எக்காரணத்தால் குறுகினும் இரைப்பு எழலாம். குழந்தை விழுங்கும்போது மூச்சுக்குழாயில் சிக்கிய கடலைப்பருப்பு, சிறுகுழாய் அழற்சி, புகைப்பழக்கத்தால் வரும் நாட்பட்ட அடைப்பு, இதயச் செயலிழப்பு ஆகியனவும் காரணங்களாகலாம். இரண்டாவது, அதிர்வதற்குக் காற்றோட்டம் தேவை. கடும் ஆஸ்துமாவில் காற்று மிகக் குறையும்போது ஒலி அடங்கிவிடும். மருத்துவர் ‘ஓசையற்ற மார்பு’ எனக் குறிக்கும் இந்நிலை தணிவன்று. உயிருக்கு இடர் நேர்ந்ததன் அடையாளமாகும்.

முடிவுரை
லேனெக்கின் கருவி ஒலிக்கு இடத்தைக் காட்டியது. ஃபோர்காக்ஸின் விளக்கம் காரணத்தைக் காட்டியது. கலைச்சொல் வரையறை இவ்விரண்டையும் பிறர் ஐயமின்றிப் பகிர வழிசெய்தது. இன்று தமிழகத்தில் ‘குழந்தைக்கு வீசிங்’ என்று நோய்ப்பெயராகவே கூறும் வழக்கு பரவியுள்ளது. ஒலியின் பெயரை நோயின் பெயராகக் கொண்டால், காரணத்தைத் தேடும் வினா எழாமலே போகும். ஒலி நின்றதும் நோய் நீங்கியதாகவும் தோன்றும். எனவே தமிழ் மருத்துவக் கலைச்சொல்லாக்கத்தில் ‘இரைப்பொலி’ என்பதை அறிகுறிக்கும், ‘இரைப்புநோய்’ என்பதை ஆஸ்துமாவுக்கும் வரையறுத்து வழங்குதல் தகும் என இக்கட்டுரை முன்மொழிகின்றது.