கூலன்ட் கசிவு (பழைய லாரிகளில்)

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம் வெளியே ஒழுகுவதும் உள்ளே ஆயிலில் கலப்பதும் கூலன்ட் கசிவே. யானைமலை அடிவாரத்து ஒத்தக்கடை வழியாக, மதுரை–மேலூர் சாலையில் பாரம் ஏற்றி ஓடும் பழைய லாரிகளுக்குச் சித்திரை வெயிலில் இது பெருந்தொல்லை.

எஞ்சின் ஆறிய பிறகே சோதிக்க வேண்டும். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் கொதிநீர் பீறிட்டு முகத்தைப் பொசுக்கிவிடும்.

வெளிக்கசிவைப் பிடிப்பது எளிது. ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டி, மூடியில் குறித்த அளவுக்கு அழுத்தம் ஏற்றினால், கசிவிருக்கும் வண்டியில் முள் இறங்கும். ஹோஸ் கிளிப்பிலும் வாட்டர் பம்பின் அடித்துளையிலும் காய்ந்த கறை இடத்தைக் காட்டிக்கொடுக்கும். சூடான பாகத்தில் ஒழுகுவது உடனே ஆவியாகிவிடுவதால், தரையில் ஒரு சொட்டும் விழாமல் போகலாம்.

பல லட்சம் கிலோமீட்டர் ஓடிய டீசல் எஞ்சினில் உள்கசிவுதான் ஆபத்து. ரேடியேட்டரில் ஓயாமல் குமிழி வந்தால் முதல் சந்தேகம் ஹெட் கேஸ்கெட் மீது. ஆயில் மோர்போல வெளுத்தால் லைனரையும் அதன் ரப்பர் வளையங்களையும் பார்க்க வேண்டும். கூலன்டுக்குப் பதில் போர் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய வண்டிகளில் துருவும் உப்புப் படிவும் சேர்ந்து லைனரை அரித்துவிடுகின்றன. இந்தச் சிக்கனம் வீண்.

இரவு முழுக்க நின்ற லாரியின் சம்ப் போல்ட்டைச் சற்றே தளர்த்தினால், ஆயிலைவிடக் கனமான தண்ணீர் முதலில் வெளிவரும். அப்படி வந்தால் அந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே கூடாது.