கடுகு வாயு ஈன்ற மருந்து



மார்பகப் புற்றுநோய்க்கு வழங்கப்படும் மருந்துகளுட் சில, போர்க்களத்தில் மனிதரை மாய்த்த ஒரு நஞ்சின் வழிவந்தவை. அவற்றின் நன்மையும் தீமையும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதையே அவற்றின் வரலாறு நமக்கு உணர்த்துகிறது.

1917ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே ஜேர்மானியப் படை கடுகு வாயுவை முதன்முதலில் ஏவியது. அதற்கு ஆளானோரின் தோல் கொப்பளித்தது. கண் பார்வை கெட்டது. குருதியில் வெண்குழியங்கள் அருகின. வெண்குழியங்களை அழிக்கும் பொருள், அவை கட்டின்றிப் பெருகும் நோயையும் அடக்காதோ என்ற எண்ணம் பின்னர் எழுந்தது. 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் குட்மன், கில்மன் என்னும் இருவரின் ஆராய்ச்சியின் பயனாக, அவ்வாயுவின் இனமான நைதரசன் கடுகு ஒரு நிணநீர்ப் புற்றுநோயாளருக்கு ஏற்றப்பட்டது. கட்டிகள் கரைந்தன, ஆயினும் நோய் மீண்டும் தலைதூக்கிற்று.

அதே காலத்தில் எடின்பரோ நகரில், இட்லரின் ஆட்சிக்குத் தப்பி வந்த சார்லொட் ஔவர்பாக் அம்மையார், ரொப்சன் என்பவருடன் கூடிப் பழ ஈக்களைக் கடுகு வாயுவுக்கு உட்படுத்தினார். அவருடைய கைகள் புண்ணாயின. ஈக்களின் சந்ததியிலோ விகாரங்கள் மலிந்தன. இரசாயனப் பொருள் பரம்பரையலகுகளைச் சிதைக்க வல்லது என்பது தெளிவாயிற்று. போர்க்கால இரகசியங் காரணமாக, இவ்வுண்மை 1946இலேயே வெளிவந்தது.

மருந்து நோயைக் கொல்வதும் இதே முறையில்தான். அது கலத்தினுள் டி.என்.ஏ. இழைகளைப் பற்றிப் பிணைத்துவிடுகிறது. பிரிய இயலாத கலம் மடிகிறது. விரைந்து பெருகும் புற்றுக்கலங்களே பெரிதும் அழிகின்றன. எனினும் என்பு மச்சையின் நல்ல கலங்களும் தப்புவதில்லை. ஊறுபட்டும் மடியாத ஒரு கலம், ஆண்டுகள் சில சென்றபின் குருதிப் புற்றுநோயின் வித்தாகலாம்.

நைதரசன் கடுகின் வழித்தோன்றல்கள் மெல்பலான், சைக்கிளோபொஸ்பமைட் என்பன. சத்திரசிகிச்சையின் பின் மார்பகப் புற்றுநோய் மீள்வதை முன்னது குறைக்கும் என அமெரிக்காவில் பிஷர் 1975இல் அறிவித்தார். பின்னதை வேறிரு மருந்துகளுடன் சேர்த்து, மிலான் நகரின் பொனடொன்னா 1976இல் அத்தகைய பயனைக் காட்டினார். ஆனால் மெல்பலான் பெற்ற பெண்களிடையே குருதிப் புற்றுநோய் மிகுந்திருந்ததை 1985இல் பிஷர் குழுவினரே வெளியிட்டனர். மார்பகப் புற்றுநோய்க்கு அம்மருந்து மெல்ல வழக்கொழிந்தது. ஆபத்துக் குறைந்த சைக்கிளோபொஸ்பமைட் நிலைத்தது.

அவ்வாறாயின் மருந்தை மறுப்பதா? அன்று. இத்தீங்குக்கு ஆளாவோர் மிகச் சிலர். மருந்தினால் உயிர் பிழைப்போர் அவர்களினும் மிகப் பலர். இரண்டையும் சீர்தூக்கி, அளவறிந்து கொடுப்பது வைத்தியரின் கடன். அதனை நோயாளிக்கு ஒளியாது உரைப்பதும் அக்கடனின் பகுதியே. தம் மருந்தின் குறையைத் தாமே எண்ணிப் பார்த்து உலகறியச் சொன்ன அறிஞரின் நேர்மையாலன்றோ பின்வந்தோர்க்குத் தீங்கு குறைந்தது!