பாட்டின் அடியும் பத்தியின் இடைவெளியும்

ஏடெழுதியோர் பத்திகளிடையே வெளி விட்டிலர். சுவடியில் சொல்லும் சொல்லும், அடியும் அடியும் தொடர்ந்தே செல்லும். ஏடுகள் வாய்விட்டுப் படிக்கப்பட்டமையின், நிறுத்தற்குரிய இடத்தை ஓசையே செவிக்கு உணர்த்திற்று. இடைவெளி குரலில் இருந்தது. ஓலையில் இருக்கவேண்டிய தேவை எழவில்லை.

அச்சுக்கலை இந்நிலையை மாற்றியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வசன நூல்கள் பெருகவே, கண்ணாற் படிப்போர்க்குக் கருத்தின் எல்லையைக் காட்டும் தேவை தோன்றிற்று. ஆறுமுக நாவலர் (1822–1879) நிறுத்தக்குறிகளை ஒழுங்குறக் கையாண்டமை யாவரும் அறிந்ததே. அச்சுக்கோப்போர் புதிய பத்தியின் முதல் வரியைச் சற்று உட்டள்ளி அமைத்தனர். ஒரு முழு வரியை வெறுமையாக விடுதல் தாட்செலவை மிகுவிக்குமன்றோ!

மலையக இலக்கியம் இவ்விரு மரபுகளும் சந்திக்கும் இடத்தில் வளர்ந்தது. கோப்பிக் காலத்தில் ஆபிரகாம் ஜோசப் இயற்றிய 'கோப்பிக் கிருஷிக் கும்மி' 1869 இல் அச்சேறியது. 1931 இல் கோ. நடேசய்யர் அட்டனைத் தளமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தார். அவர்தம் துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களிற் பாடிய பாடல்கள் சிறு நூல்களாகவும் வெளிவந்தன. வட்டகொடையை அடுத்த மடகொம்பரையிற் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) தொழிலாளர்தம் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தளித்தார். இவையாவும் பாடுதற்குரியவை. எனினும், பாடிய குரல் மறைந்தபின், கண்ணி எங்கே முடிகின்றது என்பதைத் தாளின் வெளியே உணர்த்தல் வேண்டும்.

இன்று அவ்வெளியை முதலில் வகுப்பது கணினியாகும். எழுதுபவர் ஏதும் கூறாதவிடத்து மென்பொருள் தானே கொள்ளும் அளவை முன்னிருப்பு என்பர். மைக்ரோசொப்ட் வேர்ட் மென்பொருளின் 2003 ஆம் ஆண்டுப் பதிப்பில் பத்திக்குப் பின்னுள்ள இடைவெளி சுழியமாக இருந்தது. 2007 ஆம் ஆண்டுப் பதிப்பில் அது 10 புள்ளியாகவும், 2013 இல் 8 புள்ளியாகவும் மாறிற்று. 72 புள்ளிகள் ஓர் அங்குலமாகும். தட்டச்சுப்பொறிப் பழக்கத்தால் இருமுறை வரி மாற்றியோர், எதிர்பாராத பெருவெளியைக் கண்டு திகைத்தனர்.

வசனத்துக்கு இம்மாற்றம் நன்மையே. பாடலுக்கோ ஊறு விளைகின்றது. என்டர் விசையை அழுத்துந்தோறும் புதிய பத்தி பிறந்தது எனக் கணினி கொள்ளும். ஆகவே ஒரு கண்ணியின் ஒவ்வோர் அடியும் தனிப்பத்தியாகிச் சிதறும். அடிக்கும் அடிக்கும் உள்ள தூரமும், கண்ணிக்கும் கண்ணிக்கும் உள்ள தூரமும் ஒன்றாகிவிடும். இரண்டிரண்டு அடியாக மகளிர் பாடிய பாட்டு வெறும் பட்டியலாகத் தோன்றும்.

இதற்குத் தீர்வு எளிது. அடியின் இறுதியில் சிப்ட் விசையுடன் என்டரை அழுத்தினால் பத்தி முறியாது வரி மட்டும் மாறும். பத்தி அமைப்புக் கட்டத்தில் பின்னிடைவெளியைச் சுழியமாக்கி, அதனையே முன்னிருப்பாக்குதலும் கூடும். நோமல் வார்ப்புருவைத் தழுவும் ஆவணங்கள் அனைத்துக்கும் எனத் தெரிவுசெய்தால், இனி எழுதுவனவற்றுக்கு அது பொருந்தும். முன்பு எழுதி வைத்தவை மாறா. வசனமும் பாட்டும் கலந்த தொகுப்புக்கோ, பாட்டுக்கெனத் தனிப் பாணியொன்றை வகுத்தலே சாலச் சிறந்தது.

முன்னிருப்பு என்பது பிறர் செய்த ஊகமேயன்றி விதியன்று. கடிதமும் அறிக்கையும் எழுதுவோரை மனங்கொண்டு அது வகுக்கப்பட்டது. கொழுந்து கொய்தோரின் பாட்டை அது அறியாது. அப்பாட்டைப் பதிப்பிப்போர் அறிவர். ஓலையில் வெளியின்றியும் குரலால் வாழ்ந்த பாடல், தாளில் வெளி மிகுந்து வடிவிழத்தல் ஆகாது.